லைப்ரரிக்குப் போனவரின் தொண்டை

5 ஜனவரி 2019, சனி

லைப்ரரிக்குப் போனவருக்குத் தொண்டை கட்டுமா?

இரண்டு மாசமாகச் சனிக்கிழமையானால் லைப்ரரிதான். இன்றைக்கும் மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "லைப்ரரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன் வேதா" என்று கிளம்பினார். விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். "காபி இருக்கா?" என்றார். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு குரல்.

"என்ன ஆச்சு தொண்டைக்கு?"

"ஏஸி வேதா. லைப்ரரில புதுசா ஏஸி போட்டிருக்காங்க, ஒத்துக்கல."

போன மாசம்தான் நான் அங்கே புஸ்தகம் மாற்றிவிட்டு வந்தேன். நாலு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஏஸியைக் காணோம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தோரு வருஷம் ட்ரங்க் கால் போட்டவள் நான். எதிர்ப்பக்கம் மூச்சு வாங்குவதை வைத்தே ஆள் புளுகுகிறானா என்று சொல்லிவிடுவேன். என்னிடமா?

காபியில் மிளகைத் தட்டிப் போட்டுக் கொடுத்தேன். முகத்தைச் சுளிக்காமல் குடித்தார். அதுவே தப்பு. மடியில் கனம் இருந்தால்தான் இவர் மிளகுக் காபியைக் குடிப்பார்.

சனிக்கிழமை. ஜனவரி மாசம். கிண்டியில் ரேஸ் சீசன். இதற்குமேல் என்ன எழுத?

6 ஜனவரி, ஞாயிறு

உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறார். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு எரிகிறது.

கம்மல் திருகு மாற்றப் போனபோது நகைக்கடையில் இந்த டைரியைக் கொடுத்தார்கள். பால் கணக்கு எழுதத்தான் வைத்திருந்தேன். இப்போது வேறு கணக்கு எழுத வேண்டியதாகிவிட்டது. பின்னால் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்று அவர் கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டாமா?

பழைய சமாசாரத்தையும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான நாளிலிருந்து இவருக்குக் குதிரைப் பைத்தியம். சனிக்கிழமை கிண்டிக்குப் போவார். திங்கட்கிழமை மின்வாரிய ஆபீஸ் கேண்டீனில், ரேஸுக்கு வர முடியாதவர்களுக்காக எவர்சில்வர் டம்ளரை மைக் மாதிரி வாயில் வைத்துக்கொண்டு முழு ரேஸையும் மறுபடி ஓட்டிக் காட்டுவார். எந்தக் குதிரை எந்தக் கம்பத்தில் முன்னே இருந்தது, யார் சாட்டையை ஓங்கினான் என்று ஒன்று விடாமல். அதைக் கேட்கப் பக்கத்து செக்ஷன் ஆட்களெல்லாம் சாப்பாட்டுத் தூக்கோடு வருவார்களாம். இருந்து தொலையட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

85-ஆம் வருஷம் டெர்பி என்கிற பெரிய ரேஸுக்கு என் இடது கை வளையல் ஆறையும் எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய் அடகு வைத்து, காவேரி கமாண்டர் என்ற குதிரைமேல் பணம் கட்டினார். அது தோற்றது. வளையல் மூழ்கிப்போனது. என் அம்மா போட்ட வளையல். "பிலோமின்தான் சொன்னான் வேதா. நிச்சயமா ஜெயிக்கும்னான்" என்று அழுதார்.

பிலோமின்ராஜ் அவரோடு வேலை பார்த்தவன். இவரை லிங்கம், லிங்கம் என்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னைத் தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிட்டுக்கொண்டு என் வத்தக்குழம்பை மூன்று முறை போட்டுச் சாப்பிடுவான். அடுத்த ஞாயிறு வந்தான். வாசலிலேயே நிறுத்தி வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். ஒரு வார்த்தை பதில் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு போனான். அதோடு சரி. பேச அவனுக்கு என்ன முகம் இருந்தது?

இவரைப் பிள்ளையார் கோயிலுக்கு இழுத்துப் போய் கற்பூரத்தை அணைக்க வைத்தேன். இனி நீங்கள் ரேஸ் வாசலை மிதித்தால் நான் இந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். ரிட்டயரான பணத்தில் ஆறு வளையல் வாங்கிக் கொடுத்தார். பீரோவில் இருக்கிறது. நான் போடவில்லை. கண்ணாடி வளையல் போதும். என் இடது கையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு உறைக்கட்டும்.

சொன்ன சொல்லை நான் மாற்றுகிறவள் இல்லை. இந்த வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓசூரில் பெண் வீட்டுக்குப் போனால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

9 ஜனவரி, புதன்

கேஸ் வந்தது. தொண்டை சரியாகிவிட்டது அவருக்கு. சனிக்கிழமைக்குத் தயார்.

11 ஜனவரி, வெள்ளி

இன்று பிடித்தேன்.

குளிக்கப் போனவர் குழாயைத் திறந்துவிட்டு உள்ளே ஏதோ முனகிக்கொண்டிருந்தார். பாட்டுப் பாடுகிற ஆள் இல்லை. துணி எடுக்கிற சாக்கில் கதவோரம் போய் நின்றேன். பக்கெட் நிரம்பி வழிகிறது, இவர் மக்கை வாயில் வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்!

"சில்வர் சாசர் முன்னால... உள்பக்கமா லேடி பெனெடிக்டா... கடைசி வளைவு திரும்பியாச்சு, வெளிப்பக்கமா வர்றான் பாரு, காவேரி கமாண்டர்!"

எந்தக் குதிரை என் வளையலைத் தின்றதோ அதே பெயர். அது மேலேயே மறுபடியும் கட்டுகிறார் என்றால் இந்த மனிதரை என்னவென்று சொல்ல?

வெளியே வந்தார். "தண்ணி வீணாகுது" என்றேன். "சாரி வேதா" என்றார். முகம் வெளுத்திருந்தது.

12 ஜனவரி, சனி

லைப்ரரி. தொண்டை. உப்புத் தண்ணீர்.

சட்டையை முகர்ந்து பார்த்தேன். குதிரை வாசனை இல்லை, சிகரெட் வாசனையும் இல்லை. யூகலிப்டஸ் தைலம் மாதிரி ஏதோ.

15 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

மாடி வீட்டு ரங்கபாஷ்யத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோனேன். பாங்க் ஆபீசராக இருந்து ரிட்டயரானவர். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். காலையில் திருமண் இட்டுக்கொண்டு, படிக்கட்டில் செருப்பு விடாதே, மொட்டைமாடியில் வடகம் காய வைக்காதே என்று எல்லாரையும் அதட்டுகிறவர். மாமி கோயிலுக்குப் போயிருந்தாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பார்த்தால், ரேஸ் பக்கம்!

என்னைப் பார்த்ததும் பேப்பரை மடித்த வேகம் இருக்கிறதே. சரி, வேண்டிய ஆள்தான் என்று நினைத்து நேராகக் கேட்டேன்: "காவேரி கமாண்டர்னு ஒரு குதிர இப்ப எந்த ரேஸ்ல ஓடுது?"

மனிதர் முகம் அப்படியே மாறிவிட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்தப் பேரை எங்க கேட்டேள்? அது செத்து இருபது வருஷத்துக்கு மேல ஆயிருக்குமே! 85 டெர்பி. நான் ஸ்டாண்டுல நின்னுண்டிருந்தேன். கடைசி வளைவு வரைக்கும் பின்னாடிதான். அப்புறம் வந்தான் பாருங்கோ, கூட்டமே எழுந்து நின்னுடுத்து. சில்வர் சாசர் கழுத்து வித்தியாசத்துல தட்டிண்டு போயிடுத்து. இன்னும் பத்து அடி இருந்திருந்தா அவன்தான். அன்னிக்கு எனக்கு ராத்திரி சாதம் இறங்கல."

"சில்வர் சாசர், லேடி பெனெடிக்டா?"

"எல்லாம் அந்த ரேஸ்ல ஓடினதுதான். எல்லாம் போய்ச் சேர்ந்தாச்சு."

பிறகு நான் கேட்காமலேயே மூன்லைட் மைனா என்ற பெண் குதிரையின் கதையை ஆரம்பித்தார். அது ஓக்ஸ் ரேஸில் ஜெயித்த நாளில் இருபது ரூபாய் கட்டி, கிடைத்த பணத்தில் மாமிக்குப் பட்டுப்புடவை வாங்கினாராம். போனஸ் என்று சொல்லிக் கொடுத்தாராம். அந்தப் புடவையை மாமி இன்றைக்கும் வைகுண்ட ஏகாதசிக்குக் கட்டுகிறாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர். "ஆத்துக்காரிக்குத் தெரியாது. நீங்க..." என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. இந்த ஆம்பிளைகளை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அவ்வளவுதான். இனி மொட்டைமாடியில் தாராளமாக வடகம் காய வைப்பேன்.

ஆனால் செத்த குதிரைமேல் யார் பந்தயம் கட்டுவார்கள்? அப்படியானால் இவர் சனிக்கிழமை ரேஸுக்குப் போகவில்லை. அப்புறம் எங்கே போகிறார்?

17 ஜனவரி, வியாழன்

பீரோவை ஒழித்தேன். என் பழைய நூல் புடவை இரண்டைக் காணோம். பச்சைக் கட்டம் போட்டது ஒன்று, அரக்கு ஒன்று. துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனவை.

"பழைய துணிக்காரன் வந்தான், போட்டுட்டேன்" என்றார். நாற்பத்திரண்டு வருஷத்தில் இவர் ஒரு துணியையாவது மடித்து வைத்ததுண்டா? பழைய துணி போட்டாராம்.

புடவை. தைல வாசனை. சனிக்கிழமை. வெள்ளைச் சட்டை.

குதிரையாகவே இருந்திருக்கலாம்.

19 ஜனவரி, சனி

பின்னாலேயே போனேன். வெட்கமாகத்தான் இருந்தது. முந்தானையை முக்காடு மாதிரி போட்டுக்கொண்டு அவர் ஏறின ஷேர் ஆட்டோவுக்கு அடுத்த ஆட்டோவில் ஏறினேன். பரங்கிமலையில் இறங்கி, மாதா கோயில் பின்னால் ஒரு சந்துக்குள் நுழைந்தார். வழியில் ஆரஞ்சு வாங்கினார். எனக்கு ஆரஞ்சு வாங்கி எத்தனை வருஷமாகிறது!

ஓட்டு வீடு. கதவைத் தட்டினார். ஒரு பெண்பிள்ளை திறந்தாள். ஐம்பது தாண்டியிருக்கும். நைட்டி, தலையில் ஈரத் துண்டு. அவரைப் பார்த்து எவ்வளவு சிரிப்பு! பையை வாங்கிக்கொண்டாள். இவரும் சொந்த வீடு மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

பக்கவாட்டில் கொடி. கொடியில் என் பச்சைக் கட்டம் போட்ட புடவை.

எதிரே மாவு மில். அரைக்க வந்தவள் மாதிரி அங்கே போய் நின்றேன். மில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மில் நின்றபோது அவர் குரல் கேட்டது. கத்திக்கொண்டிருந்தார். "வர்றான், வர்றான்" என்று. பிறகு ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம். குழந்தை மாதிரி, விட்டு விட்டு. இவர் தன்னைப் பெற்ற தாய் செத்தபோதுகூட இப்படி அழவில்லை. அந்தப் பெண்பிள்ளை முன்னால் உட்கார்ந்து அழுகிறாரா? எதை நினைத்து? என்னைக் கட்டிக்கொண்டதையா?

உள்ளே போகவில்லை. இத்தனை வாய் பேசுகிறவளுக்கு அந்தக் கதவைத் தட்டத் தைரியம் இல்லை.

20 ஜனவரி, ஞாயிறு

காலையில் அவரே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். எதற்கு?

22 ஜனவரி, செவ்வாய்

பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தேன். "எங்க போற?" என்றார். "பெட்டிய வெயில்ல வைக்கறேன்" என்றேன். சாயங்காலம் வரை அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓசூருக்குப் போன் போட்டேன். சுகந்தி, "என்னம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். ஏஸி ஒத்துக்கலடி என்றேன்.

26 ஜனவரி, சனி

ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன்.

அவர் போன பிறகு நானும் போனேன். இந்தத் தடவை முக்காடு இல்லை. கதவைத் தட்டினேன். அவள்தான் திறந்தாள்.

"நான் அவர் சம்சாரம்" என்றேன். மேலே பேசத் தயாராக வைத்திருந்தது நிறைய. அவள் பேச விட்டால்தானே?

"வேதா அண்ணியா? ஐயோ, உள்ள வாங்க! எப்ப அண்ணியக் கூட்டிட்டு வருவீங்கன்னு நானும் கேட்டுட்டே இருக்கேன். அண்ணன் சிரிச்சு மழுப்பிடுவாரு. நான் ஆக்னஸ். பிலோமின் அண்ணனோட தங்கச்சி. தூத்துக்குடியில டீச்சரா இருந்தேன், அண்ணனுக்கு இப்படி ஆனதும் வந்துட்டேன்."

பிலோமின். அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு வந்த கோபம் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிட்டது.

ஆகஸ்டில் பக்கவாதம் வந்ததாம். ஒரு கை, ஒரு கால் போய்விட்டது. அதோடு மனசு ஒரே நாளில் போய் மாட்டிக்கொண்டதாம். எழுந்ததும், "இன்னிக்கு டெர்பி இல்ல?" என்பாராம். 85-ஆம் வருஷ டெர்பி. லிங்கம் வந்தானா, ரேஸை ஓட்டினானா என்று நாளெல்லாம் நச்சரிப்பாராம். நவம்பரில் பென்ஷன் ஆபீசில் ஆக்னஸ் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் வந்து ரேஸை ஓட்டுகிறார். "அண்ணன் வந்துட்டுப் போனா ரெண்டு நாள் தூங்குறாரு அண்ணி. உங்க பொடவையத்தான் அடியில விரிச்சிருக்கேன். மெத்துனு இருக்கறதால முதுகு புண்ணாகல."

என் அரக்குப் புடவையின் மேல் பிலோமின் படுத்திருந்தார். அந்த ஆஜானுபாகுவான ஆள் அரை ஆளாகியிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில் எங்கள் வீட்டுக்காரர், கையில் டம்ளர். என்னைப் பார்த்ததும் டம்ளர் அந்தரத்தில் நின்றது.

"யாரு லிங்கம்? நர்ஸா?" என்றார் பிலோமின். பேச்சு குழறினாலும் புரிந்தது.

"ஆமா, நர்ஸ்தான்" என்றேன் நான். "நீங்க ஓட்டுங்க, நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஓட்டறதுக்கு முந்தி சொல்லு. வச்சிட்டியா?" என்றார் பிலோமின் அவரிடம். "தங்கச்சி வளையலயா வச்சே? நான் தலப்பாடா அடிச்சுக்கிட்டேனேடா! கமாண்டர் கடைசியில தவறும், அவன் மேல கட்டாத, அதுவும் பொம்பள நகைய வச்சுக் கட்டாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே" என்றார் எங்கள் வீட்டுக்காரர். என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டியா?"

"கேக்கல."

ரேஸ் ஓடியது. ஓட்டினார் என்பதைவிட இழுத்தார் என்று சொல்ல வேண்டும். குரல் எழும்பவே இல்லை. சில்வர் சாசர், லேடி பெனெடிக்டா, கடைசி வளைவு, வெளிப்பக்கமாகக் காவேரி கமாண்டர். பிலோமின் நல்ல கையால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எம்பினார். "வாடா ராஜா, வாடா, தங்கச்சி வளையல்டா!" என்றார். கழுத்து வித்தியாசம். சில்வர் சாசர்.

பிறகு அந்த அழுகை. போன வாரம் மில்லில் நின்று கேட்டது இதைத்தான்.

அழுது ஓய்ந்து பிலோமின் சொன்னதை இங்கே எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். "சரி விடு லிங்கம். வீட்டுக்குப் போய் என் பேரச் சொல்லிடு. பிலோமின்தான் கட்டச் சொன்னான்னு சொல்லு. உன்மேல தப்புன்னு தெரிஞ்சா தங்கச்சி உன்ன விட்டுட்டுப் போயிடும். கைக்கொழந்த இருக்கு. என்னைத் திட்டினா என்ன? ஒரு வாரம் திட்டும். அப்புறம் சோறு போடாமயா இருக்கும்?"

நான் எழுந்து பின்பக்கம் போய்விட்டேன். கொடியில் புடவை காய்ந்திருந்தது. மடித்து வைத்தேன்.

ஆட்டோவில் திரும்பினோம். வீட்டு வாசலில் "வேதா, நான்..." என்று ஆரம்பித்தார். "மாவு புளிச்சிருக்கும், தோச ஊத்தறேன்" என்றேன்.

27 ஜனவரி, ஞாயிறு

எனக்குத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன். வெறும் நோயாளி சிநேகிதனைப் பார்க்கப் போகிறவர் ஏன் லைப்ரரி என்று சொல்ல வேண்டும்? ஏதோ இருக்கிறது என்று முதல் நாளே மூக்கு வேர்த்தது. முப்பத்து நாலு வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் பொய்யைக் காப்பாற்றினார். இன்னொருத்தர் வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். இரண்டு பேருமாகச் சேர்ந்து என்னை முட்டாளாக்கிவிட்டார்கள்.

அன்று வாசலில் பிலோமினிடம், என் வயிற்றெரிச்சல் உன்னைப் படுக்கையில் தள்ளும் என்று சொன்னேன். சாபமெல்லாம் பலிக்காது. ரத்தக்கொதிப்புக்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிடவில்லை என்று ஆக்னஸே சொன்னாள்.

மத்தியானம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "வாரா வாரம் அந்த மனுஷன் அழறாரு. ஒரு தடவயாவது கமாண்டர் ஜெயிச்சான்னு சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னுதான் போவேன் வேதா. குளிக்கறப்பக்கூடச் சொல்லிப் பாப்பேன். அங்க போனா நாக்கு திரும்ப மாட்டேங்குது. போர்டுல ஏறின ரிசல்ட்ட எப்படி மாத்தறது?"

கட்டின பெண்டாட்டியிடம் முப்பத்து நாலு வருஷம் கூசாமல் பொய் சொன்ன நாக்கு, ஒரு செத்த குதிரைக்காகத் திரும்ப மாட்டேன் என்கிறது. சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். சிரிக்கிற நிலைமையில் நான் இல்லை.

பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது.

30 ஜனவரி, புதன்

ரங்கபாஷ்யம் வீட்டுக்கு மூன்றாவது நாளாகப் போய்வந்தேன். மாமி டி.வி. சத்தத்தில் இருக்கும்போது அந்த டெர்பியை முதலிலிருந்து கடைசி வரை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டேன். எந்தக் கம்பத்தில் யார் முன்னே, ஜாக்கி எப்போது சாட்டையை எடுத்தான், எல்லாம்.

"மாடிக்கு எதுக்கு அடிக்கடி போற?" என்கிறார் இவர்.

"சங்கத்து விஷயம்" என்றேன். சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கட்டும். அது எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரிய வேண்டாமா?

2 பிப்ரவரி, சனி

பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிவைத்த ஆறு வளையலையும் எடுத்து இடது கையில் போட்டுக்கொண்டேன். சோப்புப் போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "கிளம்புங்க லைப்ரரிக்கு" என்றேன்.

பிலோமின் விழித்திருந்தார். "வச்சிட்டியா லிங்கம்?" என்று ஆரம்பித்தார். இவர் டம்ளரை எடுத்தார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அவருக்குத் தொண்ட கட்டியிருக்கு. இன்னிக்கு ரேடியோல சொல்றாங்க, நான் கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

டம்ளர் எனக்கு வேண்டாம். திருநெல்வேலிக்கும் டெல்லிக்கும் லைன் கிடைக்காத காலத்தில் கேட்கும்படி பேசின குரல் இது. நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன். பதினோரு குதிரை கிளம்பியது. சில்வர் சாசர் முன்னால். லேடி பெனெடிக்டா உள்பக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறாள். ஆயிரம் மீட்டர் கம்பம் தாண்டியாயிற்று. கமாண்டர் எங்கே? பின்னால், ஏழாவதாக. பிலோமின் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். எங்கள் வீட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி வளைவு. வெளிப்பக்கமாக வருகிறான். ஒன்று, இரண்டு என்று தாண்டி வருகிறான். லேடி பெனெடிக்டா போய்விட்டாள். சில்வர் சாசரின் வாலுக்கு வந்துவிட்டான், சேணத்துக்கு வந்துவிட்டான். இங்கே எனக்கும் ஒரு கணம் நாக்கு ஒட்டிக்கொண்டது. இவர் சொன்னது பொய்யில்லை. நடந்ததை மாற்றிச் சொல்ல என்னவோ போல்தான் இருக்கிறது. பிலோமின் முகத்தைப் பார்த்தேன். அழுவதற்கு உதடு தயாராகக் கோணிக்கொண்டிருந்தது.

"காவேரி கமாண்டர்!" என்று கத்தினேன். தெருவில் மில்காரன் எட்டிப் பார்த்தானாம், ஆக்னஸ் சொன்னாள். "காவேரி கமாண்டர் கழுத்து வித்தியாசத்துல ஜெயிச்சான்! போர்டுல ஏத்தியாச்சு!"

பிலோமின் எங்கள் வீட்டுக்காரரைத்தான் பார்த்தார். "நெசமா லிங்கம்? போர்டுல ஏறிடுச்சா?"

இவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஏறிடுச்சுடா" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நாக்கு திரும்பியது.

நான் தலைப்பை விலக்கி இடது கையை நீட்டினேன். "அடகும் மீட்டாச்சு. பாருங்கண்ணே."

பிலோமின் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வளையலை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நர்ஸ் என்று நினைத்தாரோ, என்ன நினைத்தாரோ.

"தங்கச்சி" என்றார்.

"சொல்லுங்கண்ணே."

"அப்ப லிங்கம் என் பேரச் சொல்ல வேண்டியதில்ல. உனக்கு என்மேல கோவம் இல்ல."

"இல்லண்ணே."

"நாளைக்கு ஞாயித்துக்கெழம. சாப்பிட வரலாமா?"

எங்கள் வீட்டுக்காரர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆக்னஸ்தான், "சொல்லுங்க அண்ணி, வரட்டுமான்னு கேக்கறாரு" என்றாள்.

"வாங்க" என்றேன்.

3 பிப்ரவரி, ஞாயிறு

வத்தக்குழம்பு வைத்தேன். சுண்டைக்காய் நல்லதாகக் கிடைக்கவில்லை, மணத்தக்காளிதான். அவரால் வர முடியாது என்பதால் கேரியரில் எடுத்துக்கொண்டு நாங்களே போனோம். இவரைத்தான் தூக்க வைத்தேன். வழியெல்லாம் குழம்பு சிந்தாமல் பயந்து பயந்து பிடித்துக்கொண்டு வந்தார்.

பிலோமின் கண் விழித்ததும், "இன்னிக்கு டெர்பி இல்ல?" என்றார். நேற்று நடந்தது ஒன்றும் அவரிடம் தங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது.

"அது நேத்தே முடிஞ்சுதுண்ணே. நாமதான் ஜெயிச்சோம்" என்று கையை ஆட்டிக் காட்டினேன். வளையல் சத்தம் போட்டது. "நெசமாவா?" என்று சிரித்தார். இரண்டாவது முறையும் குழம்பு போட்டுச் சாப்பிட்டார். முன்பெல்லாம் மூன்று முறை.

வளையலைக் கழற்றலாம் என்று ராத்திரி சோப்பு, எண்ணெய் எல்லாம் போட்டுப் பார்த்தேன். வரவில்லை. கை பருத்துவிட்டது. அதனால்தான் போட்டிருக்கிறேன், வேறு ஒன்றும் இல்லை.

எண்ணெய்க் கிண்ணத்தோடு நான் உட்கார்ந்திருந்தபோது இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். "நான் அன்னிக்குச் சொன்னது பொய் வேதா" என்றார். முப்பத்து நாலு வருஷம் கழித்து. "தெரியும்" என்றேன். "பெட்டிய எடுத்துப் பரண்ல வையுங்க, கால் இடிக்குது."

வைத்தார். இருந்தாலும் இந்த மனிதரை நம்புவதற்கில்லை. இன்னும் என்னவெல்லாம் மறைத்து வைத்திருக்கிறாரோ. இனி சனிக்கிழமைதோறும் நானும் கூடவே போகப்போகிறேன், கண்காணிக்க.